தேர்த்துகளின் கீழ்நிற்கும் பேரெண்

விழா மலர் ஒன்றுக்குத் தமிழாசிரியர் கட்டுரை எழுதப் புகுந்தால், காப்பிய நயமோ இலக்கண நுட்பமோ அதன் பொருளாக அமையும் என்றே படிப்போர் எதிர்பார்ப்பர். அது வழக்கும் ஆம். ஆயினும் யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண்ணேயாகும். எழுத்தைத் தமிழ் வகுப்புக்கும் எண்ணைக் கணித வகுப்புக்கும் எனக் கூறுபோட்டது பிற்காலப் பாடசாலை நேரசூசியே அன்றித் தமிழ் மரபு அன்று. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடியும் எண்சுவடியும் ஒரே ஆசிரியரின் கைவழியே மாணவனை வந்தடைந்தன. ஆகலின், தமிழாசிரியர் எண்ணைப் பற்றிப் பேசுவது அயலார் காணியிற் புகுவது ஆகாது. தம் முன்னோர் காணியிற் கால்வைப்பதே ஆகும்.

யாம் குறிக்கும் எண் இது:

2,323,824,530,227,200,000,000

இருபத்திரண்டு இலக்கங்கள் கொண்ட இவ்வெண், தமிழ்க் கீழ்வாயிலக்கத்தின் கடைசிப் படியாகிய தேர்த்துகள் என்பதன் கீழே நிற்பது. ஒன்றை இத்தனை சம கூறுகள் ஆக்கி, அவற்றுள் ஒரு கூற்றை எடுத்தால் அதுவே ஒரு தேர்த்துகள். தேர் ஓடும்போது எழும் தூசியின் பெயரைப் பின்னத்துக்கு இட்ட கற்பனை இனியது. ஆனால் பெயரின் இனிமையோடு நின்றுவிடுவது நம் நோக்கம் அன்று. இவ்வெண்ணைக் குறித்து இன்று பரவிவரும் புகழுரை ஒன்று உண்மையன்று என்பதையும், எவரும் பேசாத புகழ் ஒன்று இதற்கு உண்மையாகவே உண்டு என்பதையும் காட்டுவதே நம் நோக்கம்.

முதலில் படிகளைக் காண்போம். ஒன்றில் பாதி அரை, அதிற் பாதி கால், பின் அரைக்கால். ஒன்றை இருபது ஆக்கினால் மா. எண்பது ஆக்கினால் காணி. முந்நூற்றிருபது ஆக்கினால் முந்திரி. முந்திரியை மீண்டும் 320 ஆக்கினால் கீழ்முந்திரி. அது ஒன்றில் 102,400இல் ஒரு பங்கு. கீழ்முந்திரியை 21 ஆக்கினால் இம்மி. இம்மியை 11 ஆக்கினால் மும்மி. மும்மியை 7 ஆக்கினால் அணு. அணுவை 9 ஆக்கினால் குணம். அதனை 5 ஆக்கினால் பந்தம். அதனை 6 ஆக்கினால் பாகம். 7 ஆக்கினால் விந்தம். 17 ஆக்கினால் நாகவிந்தம். 14 ஆக்கினால் சிந்தை. 20 ஆக்கினால் கதிர்முனை. 40 ஆக்கினால் குரல்வளைப்படி. 60 ஆக்கினால் வெள்ளம். 100 ஆக்கினால் நுண்மணல். நுண்மணலை 6½ ஆக்கினால் தேர்த்துகள். நூலுக்கு நூல் பெயரும் பெருக்கமும் சிறிது வேறுபடுவது உண்டு. யாம் தந்தது இன்று அச்சில் பெரிதும் வழங்கும் நிரல். மேற்கண்ட பெருக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கிச் செல்லும் எவரும் நாம் முன்வைத்த 22 இலக்க எண்ணையே பெறுவர்.

இனி, பரவிவரும் புகழுரையைப் பார்ப்போம். கைத்தொலைபேசி வழியே நாள்தோறும் நம் மாணவரை வந்தடையும் செய்திகளுள் இந்நிரலும் ஒன்று. அதன் அடியில், அணுவையும் அதனினும் நுண்ணியவற்றையும் தமிழர் அன்றே அளந்தனர், மேனாட்டார் இன்றுதான் அறிந்தனர் என்னும் முடிவுரை ஒட்டப்பட்டிருக்கும். மொழிப்பற்று மிக்க பெற்றோரும், ஏன், ஆசிரியருட் சிலரும் இதனை மகிழ்ந்து வழிமொழிகின்றனர். மகிழ்ச்சியை யாம் குறைகூறவில்லை. முடிவு பொருந்துமா என்பதே வினா.

பொருந்தாது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டும். ஒரு மீற்றர் நீளத்தை நம் பேரெண்ணால் வகுத்தால் கிடைக்கும் நீளம், அணுக்கருவில் உள்ள புரோத்தனின் விட்டத்தினும் பல இலட்சம் மடங்கு சிறியதாகும். அத்தகைய நீளத்தை இன்றைய கருவிகளாலும் காண இயலாது. ஆனால் ஒரு கிலோகிராம் எடையை அதே பேரெண்ணால் வகுத்தால் வருவது, காபன் அணுக்கள் இருபதினாயிரத்துக்கு மேல் சேர்ந்தால் ஆகும் எடை. நீளத்தில் அணுக்கருவினும் சிறிதாய் நிற்பது, எடையில் பல்லாயிரம் அணுக்களின் திரளாய் நிற்கிறது. இதிலிருந்து அறிவது யாது? தேர்த்துகள் என்பது ஒரு பொருளின் அளவு அன்று, அது விகிதம். எதனை வகுக்கிறோமோ அதற்கேற்பப் பெருகும், சுருங்கும். நிரலில் வரும் அணு என்னும் சொல்லும் அவ்வாறே. அது ஒன்றில் 165,580,800இல் ஒரு பங்குக்கு இட்ட பெயரே தவிர, பௌதிக நூலார் இன்று அணு என்று வழங்கும் பொருள் அன்று. சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பதைத் தமிழ் மாணவனுக்கு யாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

அப்படியாயின் இத்துணைச் சிறு பின்னங்கள் எதற்குப் பயன்பட்டன என்று கேட்பர். முதலாம் இராசராச சோழன் (985 – 1014) காலத்து நில அளவையை எடுத்துக்கொள்வோம். வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை அக்காலத்துக் கணக்கில் இடம்பெற்றதை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஒரு வேலியை ஏறத்தாழ 6½ ஏக்கர் என்று கொண்டால், அப்பங்கு ஒரு சதுர மில்லிமீற்றரின் பாதியளவே ஆகும். எந்த அளவுகோலும் வயலில் அதனை அளந்திராது. அளந்தது கோல் அன்று, கணக்கு. நிலத்தின் பரப்பைத் தரத்தால் பெருக்கி, வரியைப் பங்கிட்டு, பங்கை மீண்டும் பங்கிட்டுச் செல்லும்போது பின்னங்கள் தாமாகவே நுணுகும். நுணுகியதை வசதிக்காக வெட்டி எறியாமல், கடைசி வரை பெயர் சொல்லி எழுதிவைத்த கணக்கரின் நேர்மையே அங்கே தெரிகிறது. கண்ணாற் காணாததைக் கண்டதாகச் சொல்லும் பெருமையைவிட, கணக்கில் வந்ததைக் கைவிடாத பெருமை உயர்ந்தது என்பது நம் கருத்து.

இனி நம் எண்ணின் மெய்ப்புகழுக்கு வருவோம். மா, காணி, முந்திரி என்னும் பின்னங்கள் எல்லாம் 320 என்னும் எண்ணைத் தளமாகக் கொண்டவை. முக்கால் என்பது 240 முந்திரி, அரை 160, கால் 80, நாலுமா 64, மூன்று வீசம் 60, மூன்றுமா 48, அரைக்கால் 40, இருமா 32, மாகாணி 20, மா 16, முக்காணி 12, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2. இவ்வளவும் மீதியின்றி அமைகின்றன. ஆனால் 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கிப் பெற்ற எண். ஆதலால் மூன்று பேர் வந்து ஒன்றைச் சமமாகப் பங்கிடுக என்றால் முந்திரி கைவிரித்துவிடும். ஒருவருக்கு 106 முந்திரி, மீதி 2. கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் பயனில்லை. ஒருவருக்கு 34,133, மீதி 1. இரண்டும் ஐந்தும் மட்டுமே கொண்ட எண்ணை எத்தனை முறை பெருக்கினாலும் அதனுள் மூன்று புகாது.

இப்பொழுது இம்மியின் பெருக்கம் ஏன் 21 என்று நோக்குக. அதுவரை 20, 80, 320 என்று வட்டமாகச் சென்ற கணக்கு, திடீரென 21க்குத் தாவுகிறது. 21 என்பது மூன்றும் ஏழும் பெருக்கிய எண். ஒன்றை 2,150,400 இம்மி ஆக்கினால் மூன்று பேருக்கு ஆளுக்கு 716,800 இம்மி; மீதி இல்லை. ஏழு பேருக்கு ஆளுக்கு 307,200 இம்மி, மீதி இல்லை. ஆறு பேருக்கும் அவ்வாறே. முந்திரியால் முடியாத பங்கீடு இம்மியால் முடிகிறது. இம்மியும் பிசகாமல் என்று நாம் அன்றாடம் சொல்லும் தொடர், வெறும் சிறுமையை மட்டும் உணர்த்துவது அன்று போலும். மூவர்க்கும் எழுவர்க்கும் மீதியின்றிப் பங்கிடும் அளவு என்ற பொருளையும் அதனுள் வைத்துப் படித்தால், தொடர் முன்னினும் சுவைக்கிறது.

படிகள் மேலும் இறங்க இறங்க இவ்வியல்பு வளர்கிறது. மும்மியில் 11 சேர்கிறது. இம்மியால் ஒன்பது பேருக்குப் பங்கிட இயலாது. குணத்தில் 9 சேர்ந்தவுடன் அக்குறை நீங்கி, 1 முதல் 12 வரை எத்தனை பேர் வரினும் மீதியின்றிப் பங்கிடலாம் என்னும் நிலை வருகிறது. நாகவிந்தத்தில் 17 சேர்கிறது. எஞ்சியது 13. அது கடைசிப் படியில், எவரும் எதிர்பாராத வடிவில் வருகிறது. நுண்மணலை 6½ ஆக்கினால் தேர்த்துகள் என்றோம். ஆறரை என்பது பதின்மூன்றில் பாதி. அரை என்னும் பின்னத்தைக் கொண்டு பெருக்கும் ஒரே படி இதுவே. அதனால் இரண்டு என்னும் காரணி ஒன்று குறைந்து, பதின்மூன்று உள்ளே புகுகிறது. இப்படியாக 2, 3, 5, 7, 11, 13, 17 என்னும் முதல் ஏழு பகா எண்களும் ஒன்றும் விடாமல் நம் பேரெண்ணுள் அமைந்துவிடுகின்றன. 2 என்பது 22 முறையும், 3 என்பது 5 முறையும், 5 என்பது 8 முறையும், 7 என்பது 4 முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் பெருகி நிற்பதே இவ்வெண்.

ஆகவே 1 முதல் 18 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் தேர்த்துகட் கணக்கில் மீதி வராது. இதனை நம்பச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கவே சொல்கிறோம். கைக்கணிப்பானில் 22 இலக்கங்களும் தோன்றா. தாளும் பேனாவும் போதும். முதலில் இலக்கங்களைக் கூட்டுக. 45 வரும்; ஆதலால் எண் ஒன்பதால் வகுபடும். பின்பு, மேலே மூன்று மூன்றாகப் பிரித்து எழுதியுள்ள தொகுதிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுக. 2, 824, 227, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 1,053. விடுபட்ட 323, 530, 200, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 1,053. இரண்டும் சமமாயின் அவ்வெண் 1,001ஆல் வகுபடும் என்பது கணித விதி. 1,001 என்பது 7, 11, 13 மூன்றையும் பெருக்கிய எண். இரு கூட்டுத்தொகைகளும் ஒன்றாய் வந்து நிற்கும்போது எட்டாம் ஆண்டு மாணவனின் முகத்தில் தோன்றும் வியப்பு, முன்னோர் அணுவை அளந்தனர் என்ற செய்தியைப் படிக்கும்போது தோன்றும் வியப்பினும் மேலானது. முன்னையது அவன் கையால் தேடிக்கொண்டது. பின்னையது பிறர் சொல்லக் கேட்டது.

ஒப்பீடு ஒன்றும் வேண்டும். ஒன்றைத் தொடர்ந்து 22 சுழியங்கள் இட்டால் வரும் எண், நம் எண்ணைப் போல் நாலு மடங்குக்கு மேல் பெரிது. அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 529 மட்டுமே. நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களோ 49,680. காரணிகள் வரும் முறைகளோடு ஒவ்வொன்று கூட்டி, 23, 6, 9, 5, 2, 2, 2 என்பவற்றைப் பெருக்கினால் இத்தொகை வரும். பத்தின் பெருக்கம் பார்வைக்கு அழகியது. ஆனால் மூவர் வந்தால் அது தடுமாறும். நம் எண் பார்வைக்குக் கரடுமுரடானது. பதினெண்மர் வரையில் எத்தனை பேர் வந்தாலும் கலங்காது.

இவ்விடத்தில் இன்னொரு தமிழரை நினைவுகூர்தல் தகும். ஈரோட்டில் 1887இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920இல் மறைந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில், வகுஎண்கள் மிகுந்த எண்களைப் பற்றியே நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். தன்னிற் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுஎண்கள் ஓர் எண்ணுக்கு இருப்பின், அதனை மிகுபகு எண் என்னலாம். 12, 24, 36, 60, 120, 360 என்பன அவ்வகையின. நாழிகைக்கும் கோணத்துக்கும் மக்கள் 60ஐயும் 360ஐயும் தேர்ந்ததும் இவ்வியல்பாலேயே எளிமை பெற்றது. இராமானுசன் தந்த பட்டியல் 6,746,328,388,800 வரை செல்கிறது. அவ்வெண்ணுக்கு வகுஎண்கள் 10,080.

இராமானுசன் வகுத்த விதியை நம் பேரெண்ணின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? இங்கேதான் மொழிப்பற்றுக்குச் சோதனை. மிகுபகு எண்ணில் சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைந்த முறை வரலாகாது. இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடலாகாது. நம் எண்ணிலோ 3 என்பது 5 முறையும் 5 என்பது 8 முறையும் வருகின்றன. அவ்விரண்டையும் இடம் மாற்றினால், அதே 49,680 வகுஎண்களை உடைய 501,946,098,529,075,200,000 என்னும் சிறிய எண் கிடைத்துவிடும். மேலும் 19 என்னும் பகா எண் நம் எண்ணில் இல்லை. பத்தொன்பதால் வகுத்தால் 6 மீதி நிற்கும். இரண்டு என்னும் காரணியில் ஐந்தைக் களைந்து, ஒரு பத்தொன்பதைச் சேர்த்திருந்தால் எண்ணும் சிறுகியிருக்கும். வகுஎண்களும் 77,760 ஆகப் பெருகியிருக்கும். 1 முதல் 22 வரை எல்லா எண்ணாலும் வகுபட்டிருக்கும். ஆகவே, உலகிலேயே சிறந்த எண் இது என்று கூற இடமில்லை. இரண்டும் ஐந்தும் மிகுந்திருப்பது, மாவும் காணியும் முந்திரியும் வழங்கிய வழக்கின் தடம். வழக்கை விடாது, அதன் மேலே மூன்றையும் ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பதினேழையும் ஏற்றியதே இதன் சிறப்பு.

இராமானுசனின் பட்டியலிலும் 293,318,625,600 என்னும் ஓர் எண் விடுபட்டது. பின்வந்த அறிஞர் அதனைக் கண்டு குறித்துவைத்தனர். அதனால் இராமானுசன் புகழ் ஒரு முந்திரியும் குறையவில்லை. பெரியோரைச் சோதித்துப் போற்றுவதே அறிவுலகின் மரியாதை. நம் முன்னோர் கணக்கையும் அம்மரியாதைக்கு உரியதாக்கவேண்டும் என்பதே யாம் வற்புறுத்துவது. சோதனைக்கு அஞ்சும் புகழ் புகழாகாது. அன்றியும், பொய்ப்புகழால் விளையும் கேடு ஒன்று உண்டு. இன்று அணுவை அளந்த கதையை நம்பும் மாணவன், நாளை பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்று அது பொருந்தாது என அறிவான். அறிந்த அன்றே, தமிழாசிரியர் சொன்ன ஏனைய யாவற்றையும் அதனோடு சேர்த்துக் குப்பையில் இடுவான். இல்லாத பெருமையைக் காட்டப்போய் இருக்கும் பெருமையையும் இழப்பது அறிவுடைமை ஆகுமா?

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை யாம் அறிவோம். இலங்கையில் 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். இந்தியாவிலும் 1957இல் அணாக் கணக்கு நீங்கிப் பதின்மக் கணக்கு வந்தது. இக்காலத்தில் முந்திரியும் இம்மியும் எதற்கு என்பர் ஒரு சாரார். பதின்ம முறையை விலக்கி மாவையும் காணியையும் மீட்டுக் கொணர்க என்று யாம் சொல்லவில்லை. அளப்பதற்கும் எழுதுவதற்கும் பதின்மம் சிறந்தது. பங்கிடுவதற்கு அது எப்போதும் சிறந்தது அன்று என்பதே உண்மை. வெள்ளவத்தையில் வாழ்வோருக்கு இதனை விளக்க அயலூர் போகவேண்டுவதில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஒரு பேர்ச் நிலத்தின் அருமை யாவரும் அறிந்ததே. பத்துப் பேர்ச் காணியை மூன்று மக்களுக்குச் சமமாக எழுதும் தந்தை, ஆளுக்கு 3.33 பேர்ச் என்று பதின்மத்தில் எழுதினால், 0.01 பேர்ச் எவர்க்கும் இல்லாது எஞ்சும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆதலின் எஞ்சியது ஏறத்தாழ 2.7 சதுர அடி. ஒருவர் கால்பதித்து நிற்பதற்குப் போதுமான இடம்; உடன்பிறந்தோர் மூவர் வழக்காடுவதற்கும் போதுமான இடம். ஆகையினாலேயே காணி உறுதிகளில் நொத்தாரிசுமார் மூன்றில் ஒரு பங்கு, இருபத்து நான்கில் ஐந்து பங்கு என்று பிரிபடாப் பங்குகளை இன்றளவும் பின்னமாகவே எழுதி வருகின்றனர். காணிப் பங்கீடு பற்றிய 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைபெறும் வழக்குகளிலும் அப்பின்னங்களைக் கூட்டிப் பார்த்து ஒன்று வருகிறதா என்பதே முதற் கேள்வி. எண்பதில் ஒன்று என்னும் பின்னப்பெயராகிய காணியே நம் நாட்டுத் தமிழில் நிலத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டதும் எண்ணத் தக்கது. நிலத்தை நாம் பங்கின் பெயரால் அழைக்கிறோம்.

மற்றொரு சாரார், தமிழாசிரியர் கணிதத்தில் தலையிடுவது முறையோ என்பர். தலையீடு அன்று, துணை. பின்னம் என்றாலே அஞ்சும் மாணவர் பலர். அவர்க்கு அரைக்கால், மாகாணி, இம்மி என்பன அயற்சொற்கள் அல்ல. பாட்டியின் பேச்சிலும் பழமொழியிலும் கேட்ட சொற்கள். தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத கணக்குக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது எளிது. மறுதலையாகவும் சொல்லலாம். பழைய இலக்கியத்திலும் கல்வெட்டிலும் வரும் அளவுச் சொற்களை வெறும் சிறிய அளவு என்று உரைகூறிக் கடந்துபோகும் தமிழ் வகுப்பு, அச்சொற்களின் பாதிப் பொருளை மாணவனுக்கு மறைத்துவிடுகிறது. எண் தெரியாத தமிழும் குறை. தமிழ் தெரியாத எண்ணும் நம் பிள்ளைகளுக்குக் குறையே.

ஆதலின் யாம் முன்வைக்கும் யோசனை பெரிதன்று. பணச் செலவும் உடையதன்று. ஆண்டுக்கு ஒரு தவணையில் ஒரு வாரம், தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்கட்டும். கரும்பலகையின் ஒரு பாதியில் கீழ்வாயிலக்கத்தின் பெயர்கள். மறுபாதியில் அவற்றின் காரணிகள். எந்தப் படியில் மூன்று புகுந்தது, எந்தப் படியில் பதின்மூன்று புகுந்தது என்பதை மாணவரே தேடட்டும். பத்தொன்பது ஏன் இல்லை என்று அவர்களே கேட்கட்டும். தலைமாணாக்கர் இருவர் மூவர் 1942இல் நிறுவப்பெற்று இன்று வெள்ளவத்தையில் நிலைபெற்றிருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் சென்று, எண்சுவடி, காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதலியவற்றைத் தேடிப் படித்து, நிரல்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை அட்டவணை ஆக்கட்டும். அந்த அட்டவணை, கல்லூரி ஆண்டு மலரில் இடம்பெறத் தகுதியுடைய ஆராய்ச்சியாகவே அமையும்.

பழைய மாணவராகிய பெருமக்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்களுள் பொறியியலாளர், கணக்காளர், நில அளவையாளர், சட்டத்தரணிகள் பலர் உளர். கடல் கடந்து வாழ்வோரும் பலர். விழாக்காலத்தில் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நீங்கள் அள்ளி வழங்குவதை நன்றியோடு காண்கிறோம். அதனோடு ஒரு மணிநேரத்தையும் வழங்குங்கள். உங்கள் தொழிலில் பின்னம் எங்கே வருகிறது, மீதி எங்கே தொல்லை தருகிறது, ஒரு சதுர அடி பிசகினால் என்ன நேர்கிறது என்பதை மாணவர் முன் வந்து தமிழில் எடுத்துரையுங்கள். பாடநூல் தராத பயனை அந்த ஒரு மணிநேரம் தரும். கைத்தொலைபேசியில் முன்னோர் பெருமை பற்றிய செய்தி வரும்போது, அதனைப் பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். கணக்குப் பொருந்தினால் நூறு பேருக்கு அனுப்புங்கள். அப்போது அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சொல்வது இவ்வளவே. உங்கள் முன்னோர் அணுவைக் கண்டாரல்லர். ஆயினும் ஒன்றைப் பலர் சமமாகப் பெறவேண்டுமாயின் அதனை எத்தனை கூறாக்க வேண்டும் என்னும் கேள்வியை விடாது பின்தொடர்ந்து, கீழே கீழே இறங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் வைத்தனர். மணலும் தூசியும் கதிரின் முனையும் அப்பெயர்களில் வந்து நின்றன. இருவர்க்கும் ஐவர்க்கும் மட்டுமே பங்கிட்டுத்தந்த பழைய முந்திரி, இறங்க இறங்க மூவர்க்கும் எழுவர்க்கும் பதினொருவர்க்கும் பதின்மூவர்க்கும் பதினெழுவர்க்கும் இடங்கொடுத்தது. எஞ்சி நிற்பவர் பத்தொன்பதின்மர். அவர்களுக்கு இடங்கொடுக்கும் அடுத்த படியையும் அதற்குரிய நல்ல தமிழ்ப் பெயரையும் கண்டுபிடிப்பது உங்கள் கையில் உள்ளது.